லாஸ்பேட்டை வீடு (குடும்பக் குழு)

சுதா (டல்லாஸ்): ஒரு அவசரம். ஆதவ் பள்ளியில் பிரேயருக்கு என்று தனியாக நேரம் ஒதுக்குகிறார்களாம். சேர்க்கிறோமா என்று படிவம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லணும்.

மல்லிகா அத்தை: நல்லதுதானே கண்ணு. போட்டுக்கொடு.

ரவி: அத்தை, அது மணக்குள விநாயகர் இல்லை

மல்லிகா அத்தை: எல்லாம் ஒரே சாமிதான். நீ கான்வென்ட்டில் கேக்குக்காக ஜெபம் முழுக்க ஒப்பித்தவன்தானே.

அம்மா: திருக்கடையூருக்கு வேன் யார் பேசுகிறீர்கள்?

பெரியப்பா: சுதா, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. நியூயார்க்கில் கல்வி வாரியமே ஒரு பிரேயர் எழுதிக் கொடுத்தது, மொத்தம் 22 வார்த்தை, எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை, இஷ்டமில்லாத பிள்ளை சொல்ல வேண்டாம் என்றும் விட்டார்கள், அப்படியும் 1962இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூடாது என்றுவிட்டது. பிரேயர் எழுதுவது அரசாங்கத்தின் வேலை இல்லை, அவ்வளவுதான். மறுவருஷம் பைபிள் வாசிப்பையும் நிறுத்தினார்கள். பிள்ளை தானாகக் கண்ணை மூடிக் கும்பிட்டால் அன்றைக்கும் தடை கிடையாது. 2022இல் ஒரு ஃபுட்பால் கோச் ஆட்டம் முடிந்து மைதானத்தில் மண்டியிட்டு ஜெபம் செய்த வழக்கில் அதே நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, அதற்கப்புறம் காற்று மாறிவிட்டது. பள்ளியில் பிரேயருக்கு நேரம் ஒதுக்கலாம் என்கிற உங்கள் டெக்சாஸ் சட்டம் 2025இல் வந்தது. இன்னும் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

ரவி: முதல் பீரியட் முடிந்தது

சுதா: படிவத்தில் இன்னொன்றும் இருக்கிறது பெரியப்பா. கையெழுத்துப் போட்டால் இதை எதிர்த்துக் கேஸ் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று அர்த்தமாம்.

சித்தப்பா (பாரிஸ்): சாமி கும்பிடுவதற்கு எதற்கு இந்தப் பத்திரம்? இங்கே 2004லிருந்து அரசுப் பள்ளிக்குள் பெரிய சிலுவை, முக்காடு, டர்பன் எதுவும் போட்டுக்கொண்டு போக முடியாது. தொல்லையே இல்லை.

மல்லிகா அத்தை: அதுதான் உன் பையன் விபூதியைக் கண்டாலே ஓடுகிறான்.

சித்தப்பா (பாரிஸ்): அக்கா வேண்டாம்

அம்மா: வேன்???

கார்த்தி மாப்பிள்ளை: சேராத பிள்ளைகள் காதில் விழாத இடத்தில்தான் நடத்தணும், பாட நேரத்தைத் தொடக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆதவ் கேட்பது ஒன்றுதான், அங்கே டோனட் கொடுப்பார்களா என்று.

ரவி: என் மருமகன் 😂

பெரியப்பா: நம் அரசியல் சட்டம் 28ஆவது பிரிவும் அதுதான் சொல்கிறது, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது, மற்ற இடத்திலும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வழிபாட்டில் நிறுத்தக்கூடாது. கேரளாவில் யெகோவா சாட்சிகள் என்கிற கிறிஸ்தவப் பிரிவு வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அதற்கே பள்ளியை விட்டு நீக்கிவிட்டார்கள். 1986இல் நம் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

மல்லிகா அத்தை: அண்ணா, ஐயர் வேண்டாம் என்று அப்பாவோடு சண்டை போட்டுக் கல்யாணம் செய்தவர் நீங்கள். உங்களிடம் கேட்டால் இதுதான் வரும்.

பெரியப்பா: அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சித்தப்பா (பாரிஸ்): இருக்கிறது 😄

சுதா: நான் போடவில்லை என்றால் அவன் மட்டும் தனியாக உட்காருவானோ என்றுதான் யோசனை. பக்கத்து வீட்டுப் பையன் போகிறான்.

அம்மா: அப்பா அறுபதாம் கல்யாணத்துக்கே வரவில்லை என்றுவிட்டாய், இதற்கு மட்டும் எங்களைக் கேட்கிறாய்.

சுதா: அம்மா, டிக்கெட் விலை தெரியாமல் பேசாதே

ரவி: வேன் நான் பேசுகிறேன். எத்தனை பேர்?

மல்லிகா அத்தை: கடலூரிலிருந்து நாங்கள் ஆறு பேர். திருப்பாதிரிப்புலியூரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அம்மா: போன தடவை வேன் காசு இன்னும்

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மல்லிகா அத்தை: படித்துவிட்டேன்.

கார்த்தி மாப்பிள்ளை: படிவத்தை வியாழக்கிழமை பார்த்துக்கொள்கிறோம்.

ரவி: ஏசி வேனா, சாதாவா? சீக்கிரம் சொல்லுங்கள்