புதுப்பிப்பு: ரெசிடென்சி கிடைத்துவிட்டது, அடுத்து என்ன?

கலைஞர்கள் சில வாரம் ஓரிடத்தில் தங்கி வேலை செய்வதுதான் ரெசிடென்சி. அதற்கான விண்ணப்பம், போர்ட்ஃபோலியோ பற்றி மட்டும் முந்தைய இழையில் எழுதியிருந்தேன். தேர்வான பிறகு என்ன என்று பலர் கேட்டதால் இது.

முதலில் ஒரு திருத்தம். "செலவெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று எழுதியது பொதுவிதி அல்ல. அமெரிக்காவில் 1907-இல் தொடங்கிய மேக்டவல் ரெசிடென்சி போன்ற இடங்களில் தங்குவதற்குக் கட்டணமில்லை. வேறு பல இடங்களில் நாம்தான் கட்டவேண்டும். பயணம், பொருள், காப்பீடு யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஓவியர்கள் அதிகம் சொதப்புவது வண்ணம் காயும் நேரத்தில்தான். நான்கு வாரத் தங்கலில் மூன்றாம் வாரம் தடியாகப் பூசிய எண்ணெய் வண்ணம், மேலே தோல் கட்டினாலும் உள்ளே குழைந்தே இருக்கும். அக்ரிலிக் எடுங்கள், இல்லையேல் எண்ணெய் வண்ணத்தைச் சீக்கிரம் காயவைக்கும் ஆல்கிட் கலவையைக் கலந்துகொள்ளுங்கள். நன்கு காய்ந்த கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் சுற்றுங்கள்; உள்பக்கமாகச் சுற்றினால் வண்ணம் நசுங்கி மடிப்பு விழும். டர்பன்டைனை விமானத்தில் ஏற்றவிடமாட்டார்கள், போய் இறங்கிய பிறகு வாங்குங்கள்.

களிமண்காரர்கள் இரண்டாம் வாரத்தோடு வனைவதை நிறுத்துவது நல்லது. உலர ஒரு வாரம், பிறகு இருமுறை சூளை. ஈரம் மிச்சமிருந்தால் வெடிக்கும், பக்கத்துக்காரர் பானையையும் சேர்த்து.

பார்வையாளர்களை நம் பணியிடத்துக்குள் அழைத்துக் காட்டும் ஓபன் ஸ்டுடியோவில், இன்னும் முடிக்காத வேலையையும் தாராளமாக வைக்கலாம்.