சிவனொளிபாதமலை: இரவு இரண்டு மணிக்கு ஏறுவதா, நாலு மணிக்கா?

ஆறுபேர்_கூட்டம்:
வணக்கம். பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு ஆறு பேர் இலங்கையின் சிவனொளிபாதமலை ஏறப் போகிறோம். ஹட்டன் பக்கப் பாதை, மலையடியில் உள்ள நல்லதண்ணியில் அறை எடுத்தாயிற்று. இரண்டு பேர் நன்றாக நடப்பவர்கள், மூன்று பேர் சுமார், ஒருவருக்கு முழங்காலில் பழைய வலி. உச்சியில் நின்று சூரிய உதயம் பார்க்க இரவு 2 மணிக்கு வெளிக்கிட்டால் போதும் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். மற்றவர்கள், "அந்த நெரிசலில் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும், 4 மணிக்குப் போவோம்" என்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாரல்_மஸ்கெலியா:
4 மணிதான் சரி. காரணத்தையும் சொல்கிறேன். ஹட்டன் பாதை மலையின் கிழக்குப் பக்கமாக ஏறுகிறது. சூரியன் உதிப்பதும் அதே பக்கம். அப்படியென்றால் உதயத்தைப் பார்க்க உச்சியில்தான் நிற்க வேண்டும் என்று இல்லை. மரங்கள் குறைந்த மேல்படிகளில் எங்கு நின்றாலும் கண்ணுக்கு முன்னால் தெரியும். இது தெரியாமல் சனிக்கிழமை இரவில் எல்லோரும் ஒரே மணிக்கு ஒரே இடத்துக்குப் போகப் பார்க்கிறார்கள். கைப்பிடிக் கம்பி போட்ட கடைசிச் செங்குத்துப் படிகளில் வரிசை அப்படியே நின்றுவிடும். ஒரு படி ஏறி ஒரு நிமிஷம் நிற்பது, மறுபடி ஒரு படி.

ஏறும்போது உடம்பு சூடு, சட்டை முழுக்க வியர்வை. அந்த ஈரத்தோடு காற்றில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், பல் கிட்டிவிடும். மலையேற்றம் யாரையும் அவ்வளவு வருத்துவதில்லை. நிற்பதுதான் வருத்துகிறது.

வடமராட்சி_நடையன்:
சாரல் சொல்வதில் பாதிதான் சரி. சூரியனைப் படியிலிருந்து பார்க்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மலையின் நிழல்? அதுக்கு உச்சியை விட்டால் வேறு இடமில்லை. சூரியன் மேலே வந்த கையோட மேற்குப் பக்கம், இரத்தினபுரிப் பள்ளத்தாக்கின் மேல் முக்கோணமாக நிழல் விழும். பனிப்புகை மேலே அது கூர்மையாக நிற்கும், சூரியன் ஏற ஏறச் சுருங்கி மலையை நோக்கி வந்து கரைந்துவிடும். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் கிழக்கே ஃபோனை நீட்டிக்கொண்டு நிற்கிறபோது பின்பக்கம் இது நடந்து முடிந்துவிடுகிறது. உச்சிக்கு 7.30க்கு வருகிறவருக்கு இது இல்லை. 4 மணிக்கு ஏறச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேணும்.

கணக்கு இதுதான். மலை 2,243 மீற்றர். நல்லதண்ணி ஏறக்குறைய 1,250. அப்போ செங்குத்தாக ஏற வேண்டியது 1,000 மீற்றர் அளவில், படிகள் 5,500 என்று சொல்வார்கள். சுமாராக நடக்கிறவர் மணிக்கு 300 முதல் 350 மீற்றர் உயரம் ஏறுவார். அதுவே மூன்று மணித்தியாலம், ஓய்வையும் தேத்தண்ணிக் கடையையும் சேர்த்தால் மூன்றரை. பெப்ரவரியில் உதயம் 6.20க்கும் 6.30க்கும் இடையில். கிழமை நாள் என்றால் 2 மணி போதும். சனிக்கிழமை இரவென்றால் 2 மணியும் பிந்திப்போன நேரம்தான், 12க்கு வெளிக்கிடுங்கோ. போயா (பௌர்ணமி) வந்தால் அதுக்கும் முந்தி.

சாரல்_மஸ்கெலியா:
அங்கேதான் பிரச்சினையே. 12 மணிக்கு ஏறினால் 4 மணிக்கு உச்சி. அங்கே இரண்டரை மணி நேரம் உட்கார என்ன இடம் இருக்கிறது? உச்சி முற்றம் சின்னது. கடைசிப் படிகளில் காலணியைக் கழற்ற வேண்டும், அதற்கப்புறம் வெறுங்கால், தரை கல்லு. விறைத்துப்போன பாதத்தோடு இறங்கும்போது படி எங்கே இருக்கிறது என்றே காலுக்குத் தெரியாது. முழங்கால் வலி உள்ளவரை இப்படிக் கூட்டிப் போவது சரியில்லை.

தசைநார்:
இயன்மருத்துவம் செய்கிறவள் என்ற முறையில் முழங்கால் விஷயத்தில் மட்டும் குறுக்கிடுகிறேன். நேரத்தைப் பற்றிய சண்டை உங்களுக்குள் இருக்கட்டும்.

ஏறும்போது வருவது மூச்சிரைப்பு. வலியைக் கொண்டுவருவது இறக்கம். படி இறங்கும் ஒவ்வொரு முறையும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். தசைக்கு மிகக் கடினமான வேலை அதுதான். ஆயிரம் படிக்குப் பிறகு அது தளரும், கால் நடுங்கும், எடை முழுவதும் மூட்டுக்குப் போய்விடும். கடைகளுக்குப் பக்கத்தில் நின்று இறங்கி வருபவர்களின் தொடையைப் பாருங்கள், நிற்கும்போதும் தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பு வந்தால் பத்து நிமிடமாவது உட்கார வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று தொடர்ந்தால் அடுத்த தவறான அடியில் கணுக்கால் மடங்கும்.

இறங்கும்போது கைத்தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு வலியுள்ள காலை வைத்து, நல்ல காலைக் கடைசியில் கொண்டுவரவும். ஏறும்போது நல்ல கால் முதலில். படிகள் ஒரே உயரமில்லை: சில இடத்தில் ஒரு சாண், சில இடத்தில் முழங்கால் அளவு. உயரமான படியில் நேராகக் குதிக்காமல் பக்கவாட்டில் திரும்பி, கம்பியைப் பிடித்து இறங்கவும். இறங்கத் தொடங்கும் முன் சப்பாத்து நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்ட வேண்டும். தளர்வாக இருந்தால் ஒவ்வொரு படியிலும் விரல் நுனி முன்னால் போய் இடிக்கும், நகம் கறுத்துவிடும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

அவருக்கு இப்போதே வீட்டு மாடிப்படி இறங்கும்போது வலிக்கிறதா என்று கேளுங்கள். வலித்தால் பாதையின் கீழ்ப்பகுதியில் உள்ள ஜப்பானிய சமாதான தூபியோடு அவர் நின்றுவிடலாம். அதுவரை சாய்வு மெதுவானது.

வடமராட்சி_நடையன்:
தசைநார் அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அதுவே என் பக்கத்துக்கும் சாட்சி. இறக்கம்தான் கஷ்டம் என்றால் இறங்குகிற நேரத்தில் வெயில் இருக்கக் கூடாது. சாரல் சொன்னபடி 4க்கு ஏறி 7.30க்கு மேலே வந்து, 8.30க்கு இறங்கத் தொடங்கினால், அதே கிழக்குப் பக்கப் படியில் நேர் வெயில் முகத்தில் அடிக்கும். மேல்பாதியில் நிழல் கிடையாது. 11 மணிவரை இறங்க வேணும். தண்ணீர் போத்தல் முடிந்துபோகும், தொடை பிடித்துக்கொள்ளும். உதயம் முடிந்து 6.45க்கே இறங்குகிறவர் குளிர் நேரத்திலேயே பாதி தூரம் போய்விடுவார்.

சாரல்_மஸ்கெலியா:
6.45க்கு உச்சியிலிருக்கும் அத்தனை பேரும் ஒன்றாக இறங்குவார்கள், அதை மறந்துவிட்டீர்கள். இறங்கும் வரிசையிலும் அதே நெரிசல்தான். பின்னால் இருப்பவர் தள்ளும்போது பக்கவாட்டில் திரும்பி மெதுவாக இறங்க உங்கள் முழங்கால் நண்பரால் முடியுமா? வெயிலுக்கு ஒரு தொப்பி போதும்.

நாகர்கோவில்_பயணி:
ஒரு சந்தேகம். மேலே தலை சுத்துதுன்னு சொல்றாங்களே, ஆக்சிஜன் குறைவாலயா? இரத்தினபுரிப் பக்கமா இறங்கினா கூட்டம் இருக்காதுன்னும் கேள்விப்பட்டேன்.

தசைநார்:
2,243 மீற்றரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். ஆரோக்கியமானவருக்கு ஒரு காலைப்பொழுதில் அது பெரிய விஷயமில்லை, மூச்சு கொஞ்சம் வாங்கும், அவ்வளவுதான். தலைசுற்றலுக்குப் பெரும்பாலும் வேறு காரணம்: தூக்கமில்லை, வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கவில்லை. இரவு ரயிலில் ஹட்டன் வந்து, பஸ்ஸில் நேராக நல்லதண்ணி போய், ஒரு நிமிடம் கூடக் கண்ணயராமல் ஏறுகிறவர்களுக்கு இது வரும். மாலை 6.30க்குச் சோறு, 7.30க்குப் படுக்கை, புறப்பட அரை மணிக்கு முன் ஒரு வாழைப்பழம், இரண்டு பிஸ்கட். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், அதில் அரை லீற்றரில் ஜீவனி (உப்பும் சர்க்கரையும் கலந்த நீரேற்றப் பொடி) கரைத்து வைக்கவும். நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும், அறையில் விட்டுப்போகக் கூடாது. நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி என்றால் உடனே உட்கார வைத்து உதவி கேளுங்கள், தானாக இறங்க விடாதீர்கள்.

சாரல்_மஸ்கெலியா:
இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தல வழி, ஹட்டன் பாதையை விட நல்ல நீளம். அந்தப் பக்கம் இறங்கினால் பை நல்லதண்ணியில், ஆள் மலைக்கு மறுபக்கத்தில். அறையைக் காலி பண்ணி எல்லாவற்றையும் முதுகில் சுமந்து ஏறுகிறவர்களுக்குத்தான் அது.

ஆறுபேர்_கூட்டம்:
எல்லோரும் ஒன்றாகப் போவதா, பிரிவதா?

வடமராட்சி_நடையன்:
பிரியுங்கோ. வேகமானவர் முன்னால் போய் நின்று காத்திருப்பார், மெதுவானவர் வந்து சேர்ந்ததும் "சரி வா போவோம்" என்பார். வேகமானவருக்குப் பத்து நிமிட ஓய்வு, மெதுவானவருக்கு ஒன்றுமில்லை. நாலு தடவை இப்படி நடந்தால் மெதுவானவர் படுத்துவிடுவார். இரண்டு இரண்டு பேராகப் போங்கோ, யாரையும் தனியே விடாதேங்கோ.

சாரல்_மஸ்கெலியா:
பிரிவதை விட எளிதான வழி இருக்கிறது. மெதுவானவரை முன்னால் விடுங்கள், அவர் வேகமே எல்லோருக்கும் வேகம். பேசிக்கொண்டே ஏற முடிகிற அளவுதான் சரியான வேகம். இருபது, இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்றபடி இரண்டு நிமிஷம். கடைக்குள் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தால் உடம்பு குளிர்ந்துவிடும், எழும்பும்போது கால் மரத்துப்போயிருக்கும். பிளேன்டீயைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றே குடியுங்கள்.

ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், பையில் வையுங்கள். காய்ந்த பனியன் ஒன்று பொலித்தீனில் இல்லாமல் துணிப்பையில் தனியாக. உச்சிக்குக் கொஞ்சம் கீழே காற்று மறைவில் ஈரத்தைக் கழற்றி அதைப் போட்டு, மேலே ஜாக்கெட். சப்பாத்தைப் போட்டுக் கையில் வைத்துக்கொள்ள இன்னொரு துணிப்பை. வழியெல்லாம் விளக்கு இருந்தாலும் நெற்றி டோர்ச் கட்டாயம், மின்சாரம் போனால் படி தெரியாது. குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். சரணாலயக் காடு அது, 2010இலிருந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது.

வடமராட்சி_நடையன்:
இதில் எல்லாம் சாரலோடு எனக்குச் சண்டையில்லை. நேரத்தில் மட்டும் மாற்றமில்லை. தேதியை மாற்ற முடியுமென்றால் மாற்றுங்கோ. செவ்வாய், புதன் இரவு 2 மணிக்கு வெளிக்கிட்டால் வரிசையும் இல்லை, மேலே நெடுநேரம் காத்திருக்கவும் வேண்டாம், நிழலும் கிடைக்கும். மார்கழி போயாவிலிருந்து வைகாசி வெசாக் போயா வரைதான் பருவகாலம். அது முடிந்தபின் கூட்டமில்லை என்று போகாதேங்கோ. கடை பூட்டியிருக்கும், விளக்கு எரியாது, மழையில் படி வழுக்கும், அட்டைக்கடி வேறு.

ஆறுபேர்_கூட்டம்:
நன்றி. இரண்டு பேருக்குத்தான் கிழமை நாளில் லீவு கிடைக்காது, கேட்டுப் பார்க்கிறோம். கிடைத்தால் புதன் இரவு 2 மணி. கிடைக்காவிட்டால் சனி இரவு 4 மணி, உதயம் படியிலிருந்து. முழங்கால்காரரிடம் மாடிப்படி கேள்வியைக் கேட்டேன். வலிக்கிறது என்கிறார். தூபியில் அவரோடு இருக்க ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

சாரல்_மஸ்கெலியா:
அப்படியென்றால் தூபியில் நிற்கும் இருவரிடம் ஒரு போர்வையும் சுடுதண்ணிப் போத்தலும் கொடுத்துவிடுங்கள். மற்ற நாலு பேரும் திரும்பி வர ஐந்து மணி நேரமாவது ஆகும். எத்தனை மணிக்குள் வருவோம் என்று ஏறும்போதே அவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.