கரப்பான் உள்ள பிள்ளைக்கு எந்தக் காய் கொடுக்கலாம்?

களியக்காவிளை பக்கம் இருக்கிறோம், என் 4 வயது மகளுக்கு எக்சிமா என்கிற கரப்பான் தோல் நோய், ராத்திரி முழுக்க முழங்கை மடிப்பைச் சொறிந்து சொறிந்து காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டுகள். கத்தரிக்காய், தக்காளி, சேனை எல்லாம் கரப்பானைக் கூட்டும் பண்டம், நிறுத்து என்கிறார் மாமியார். சேனை அரிப்பது அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களால், அது யாருக்கும் அரிக்கும், சரி. ஆனால் வேகாத தக்காளி தின்றால்தான் இவளுக்கு வாயைச் சுற்றிச் சிவக்கிறது, ரசத்தில் வெந்ததால் ஒன்றுமில்லை. அப்புறம் எதற்கு எல்லாவற்றையும் நிறுத்துவது? வளர்கிற பிள்ளை. அடுத்த வாரம் தோல் டாக்டரைப் பார்க்கிறோம், அதுவரை அவியலில் தடியங்காயும் (வெள்ளைப் பூசணி) புடலையும் முருங்கையும்தான். டாக்டர் சொல்லி ஒவ்வொரு காயாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்த அக்காமாரே, எத்தனை நாள் இடைவெளி விட்டீர்கள், எப்படிக் குறித்து வைத்தீர்கள்? சொல்லுங்கள்.