ஆரோன் சிஸ்கிண்ட் ஏன் சுவர்களின் பக்கம் திரும்பினார்?

கேள்வி:
1930களில் நியூயார்க்கின் புகைப்படக் கலைஞர்கள் அமைப்பான ஃபோட்டோ லீக்கில் இயங்கி, அந்நகரின் கறுப்பின மக்கள் பகுதியான ஹார்லெமின் வாழ்வைப் படமெடுத்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆரோன் சிஸ்கிண்ட், 1940களில் உரிந்த வண்ணப்பூச்சையும் கிழிந்த சுவரொட்டிகளையும் நெருங்கி நின்று எடுக்கத் தொடங்கினார். அவர் மனிதர்களைக் கைவிட்டுவிட்டார் என்று கொள்ளலாமா?

மறுமொழி 1:
‘கைவிட்டார்’ என்பது சற்றுக் கடுமையான சொல். ஆவணப் பணியின்போதே கட்டடங்களின் வடிவ ஒழுங்கைக் கூர்ந்து கவனித்தவர் அவர். 1944 கோடையில், மாசசூசெட்ஸின் கடலோர ஊரான குளோஸ்டரில், கயிறு, தேய்ந்த கையுறை போன்ற அற்பப் பொருள்களைத் தட்டையான பரப்பின் மீது வைத்துப் பார்த்தபோது, அடிவானமும் ஆழமும் இல்லாத ஒரு சட்டகம் அவருக்கு வசப்பட்டது. அதன் பிறகு, எடுக்கப்பட்ட பொருள் எது என்பதைவிட, படத்துக்குள் கோடும் கருமையும் ஒன்றையொன்று எப்படி எதிர்கொள்கின்றன என்பதே முதன்மையாயிற்று.

மறுமொழி 2:
ஓவியர்களின் நட்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1947இல் அவருடைய படங்கள் நியூயார்க்கின் சார்லஸ் ஈகன் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டன. அருவ ஓவியர்களான வில்லெம் டி கூனிங்கும் ஃபிரான்ஸ் கிளைனும் அங்கே காட்சிப்படுத்தியவர்கள்தாம். இதைக் கொண்டு அவர் ஓவியத்தை நகலெடுத்தார் என்போருடன் நான் உடன்படவில்லை. ஓவியர் வெற்றுத் திரையில் கோட்டை இடுகிறார். சிஸ்கிண்டோ, வெயிலும் மழையும் முன்பே இட்டுவைத்த கோட்டைத் தேடிக் கண்டெடுத்தார்.

கேட்டவர்:
மனிதர்கள் திரும்பி வரவே இல்லையா?

மறுமொழி 1:
வந்தார்கள். சிகாகோவில் புகைப்படக் கலைஞர் ஹாரி கல்லஹனுடன் புகைப்படக் கலை கற்பித்துவந்த 1950களில், மிச்சிகன் ஏரியில் குதிப்போரைத் தண்ணீரே தெரியாமல், வெறும் வானத்தில் மிதக்கும் கரிய உருவங்களாக எடுத்தார்.