வியட்நாம் குடும்பப் பயணம்: எந்த ஊரை வைப்பது, எதை விடுவது?

சேலத்துப்பெண்:

வணக்கம். தீபாவளி கழிந்ததும், நவம்பர் நடுவில் வியட்நாம் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், நாலாவது படிக்கும் பையன், மாமியார். அத்தைக்கு 68 வயது. மெதுவாக நடப்பார், முழங்கால் வலி இருப்பதால் படி ஏறுவதுதான் சிரமம். மொத்தம் 11 இரவு.

கணவர் போட்டிருக்கும் வரிசை இது: ஹனோய் 2, சாப்பா 2, ஹா லாங் விரிகுடாவில் படகில் 1, ஹுவே 1, டா நாங் 1, ஹோய் ஆன் 1, சைகோன் (ஹோ சி மின் நகரம்) 1, அங்கிருந்து கம்போடியாவில் சியாம் ரீப் 2, திரும்பவும் சைகோன் வந்து ஊருக்கு விமானம். பார்த்தாலே மூச்சு வாங்குகிறது. ஆனால் எதைச் சொன்னாலும் "இவ்வளவு தூரம் போய் அதை விட்டுவிடவா" என்கிறார்.

அத்தை கேட்பது ஒன்றே ஒன்றுதான், மி சன் சிவன் கோயில்கள். யூடியூபில் பார்த்ததிலிருந்து அதே பேச்சு. அது கட்டாயம் வேண்டும். அங்கே ரயிலில் போகலாமா, எல்லாமே விமானம்தானா? நாங்கள் எல்லோரும் சைவம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பொன்மலை:

அம்மா, எந்த ஊரை வெட்டுவது என்பதற்கு முன்னால் மாதத்தைப் பாருங்கள். நவம்பரில் நமக்கு மழை கொட்டுகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும். கடலில் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து சுவாங் சோன் மலைத்தொடரில் மோதும். மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற ஹுவே, டா நாங், ஹோய் ஆன் மூன்றும் அக்டோபர், நவம்பரில்தான் அதிகம் நனையும். ஹோய் ஆனில் து போன் ஆறு பழைய தெருக்களுக்குள் ஏறி, ஜனங்கள் படகில் போகிற வருஷங்கள் உண்டு. அதே நவம்பரில் ஹனோய் குளிர்ந்து அருமையாக இருக்கும், சைகோனில் மழை ஓய்ந்துகொண்டிருக்கும். நீளமான நாடு, ஒரே மாதத்தில் மூன்று வானிலை.

மி சன் இருப்பது அந்த நடுப்பகுதியில், ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டர் சுமாருக்கு. சுற்றிலும் மலை, நடுவே பள்ளத்தாக்கு. மழையில் செங்கல் தரை வழுக்கும். முழங்கால் வலியோடு ஒருவரை அங்கே நவம்பரில் கூட்டிப்போக நான் சம்மதிக்க மாட்டேன். கோயில்தான் முக்கியம் என்றால் பயணத்தைப் பையனின் மே மாத விடுமுறைக்குத் தள்ளுங்கள். நடுப்பகுதியில் அப்போது மழை குறைவு. வெயில் கடுமைதான், அதனால் கோயிலுக்கு விடிகாலையில் கிளம்பிவிட வேண்டும். ஏப்ரல் 30, மே 1 இரண்டும் அவர்களுக்கு தேசிய விடுமுறை. அந்த வாரம் ரயில், ஓட்டல் எல்லாம் நிரம்பிவிடும், அது கழிந்து போங்கள்.

இப்போது ஊர்கள். சாப்பாவை எடுத்துவிடலாம். ஹனோயிலிருந்து பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். ஊரே ஏற்ற இறக்கம், அத்தை ஓட்டல் அறையில்தான் உட்கார்ந்திருப்பார். சியாம் ரீப்பை இந்தப் பயணத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அங்கே இருக்கிற அங்கோரை இரண்டு இரவில் தொட்டுவிட்டு வருவது அந்தக் கோயில்களுக்கு நாம் செய்யும் மரியாதை இல்லை, அதற்கென்று தனியாகப் போக வேண்டும். டா நாங்கில் தங்க வேண்டியதில்லை. ஹோய் ஆன் அங்கிருந்து 30 கிலோமீட்டர்தான், ரயில் நிலையமும் விமான நிலையமும் டா நாங்கில் இருப்பதால் எப்படியும் இரண்டு முறை கடந்து போவீர்கள்.

டிக்கெட்டை மல்டி சிட்டியாகப் போடுங்கள். ஹனோயில் இறங்கி சைகோனில் ஏற வேண்டும். வந்த வழியே திரும்புகிற வேலையே கூடாது.

ரயில் கேட்டீர்கள். ரயில்வேயில் வேலை பார்த்தவன், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன். ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர், நம்மிடம் ஏறக்குறைய மறைந்துபோன மீட்டர் கேஜ் அங்கே இன்னும் நாட்டின் முதுகெலும்பாக ஓடுகிறது. முழுத் தூரமும் போக வேண்டாம், ஒன்றரை நாள் ஆகும். ஹனோயிலிருந்து ஹுவே 688 கிலோமீட்டர். இரவு ஏறினால் காலையில் இறங்கலாம். மெத்தை பெர்த் பெட்டியில் ஒரு அறைக்கு நாலு பெர்த், கதவு உண்டு. நீங்கள் நாலு பேர், அறை முழுக்க உங்களுடையது. கீழ் பெர்த் இரண்டும் பெண்களுக்கு. ஒரு இரவு ஓட்டல் வாடகையும் மிச்சம்.

அப்புறம் ஹுவேயிலிருந்து டா நாங் வரை பகல் ரயில். ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அவ்வளவு மெதுவாகப் போவதற்குக் காரணம் ஹாய் வான் கணவாய். 2005-ல் திறந்த ஆறு கிலோமீட்டர் சுரங்கப்பாதையில் கார்கள் மலையைக் குத்திக்கொண்டு போய்விடும். ரயில் மட்டும் இன்னும் மலையின் கடல் பக்கத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு எஞ்சின் ஜன்னலிலேயே தெரிகிற மாதிரி ஊர்ந்து போகும். கீழே பாறை, அதற்குக் கீழே அலை. தெற்கு நோக்கிப் போகும்போது இடது பக்க இருக்கை வாங்குங்கள், லாங் கோ காயலும் கடலும் அந்தப் பக்கம்தான்.

பீளமேட்டு அக்கா:

பொன்மலை ஐயா சொன்ன மாத விஷயம் நூற்றுக்கு நூறு சரி. இரவு ரயிலில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆட்டம் அதிகம், ராத்திரி இரண்டு தடவை பாத்ரூம் போகிற வயதில் ஆடுகிற பெட்டியில் நடப்பது ஆபத்து. ஹனோயிலிருந்து ஹுவேக்கு விமானம் ஒன்றே கால் மணி நேரம் சுமார். பகல் ரயிலை வைத்துக்கொள்ளுங்கள், இரவு ரயிலுக்குப் பதில் விமானம். குறைந்த கட்டண விமானங்களில் கைப்பை 7 கிலோதான், பெட்டிக்குத் தனியாக முன்பே பணம் கட்டிவிட வேண்டும்.

ஹா லாங்கில் படகு நல்ல யோசனை, அத்தை மேல்தளத்தில் உட்கார்ந்தே எல்லாம் பார்க்கலாம். சுங் சோட் குகைக்கும் டி டோப் தீவு உச்சிக்கும் படி அதிகம். அதற்கு அப்பாவும் பையனும் போகட்டும்.

சாப்பாட்டுக்கு பயப்பட வேண்டாம். அமாவாசை, பௌர்ணமிக்குச் சைவம் சாப்பிடும் பௌத்தர்கள் அங்கே நிறைய, அதனால் ஊருக்கு ஊர் சைவக் கடை உண்டு. 'சாய்' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஹுவேயில் ரொம்ப நன்றாக இருக்கும். சாதாரணக் கடையில் காய்கறி மட்டும் கேட்டாலும் மீன் சாஸ் ஊற்றிவிடுவார்கள், அதனால் சைவக் கடைக்கே போங்கள். அத்தைக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

சைகோன்வாசி:

வேலைக்காக இங்கே இருக்கிறேன். சியாம் ரீப் போய்விட்டு மறுபடி வியட்நாமுக்குள் வர வேண்டுமென்றால் ஒருமுறை நுழையும் இ-விசா போதாது. அது 25 டாலர், பலமுறை நுழைவது 50 டாலர், கம்போடியாவுக்குத் தனி விசா. உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கையும் சொல்லிப் பாருங்கள். விண்ணப்பத்தை அரசாங்கத் தளத்தில் மட்டும் போடுங்கள். அதே மாதிரி தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் பல. நம் ஆட்களுக்கு இனிஷியல் விரிவு, குடும்பப்பெயர் காலி என்று பாஸ்போர்ட்டில் பலவிதம் இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, விசாவிலும் டிக்கெட்டிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும்.

பணத்தில் ஒரு எச்சரிக்கை. 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். இரவு டாக்சியில் இறங்கும்போது மாற்றிக் கொடுத்துவிடுவது ரொம்ப சுலபம். 5,00,000 நோட்டுகளைத் தனிப் பையில் வையுங்கள். ஊருக்குள் கிராப் என்கிற டாக்சி செயலியில் ஏழு பேர் காரே போடுங்கள், பெட்டிகளோடு வசதி.

சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்திலேயே நம் ஊர்க்காரர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. வியட்நாம் மக்களும் வரிசையில் நின்று ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுவார்கள். அத்தைக்குப் பிடிக்கும்.

சேலத்துப்பெண்:

எல்லோருக்கும் நன்றி. மழை விஷயத்தைக் காட்டியதும் கணவர் ஒப்புக்கொண்டார். மே இரண்டாவது வாரம். புது வரிசை: ஹனோய் 1, ஹா லாங் படகு 1, மறுபடி ஹனோய் 2, விமானத்தில் ஹுவே 2, பகல் ரயில், ஹோய் ஆன் 3, டா நாங்கிலிருந்து விமானத்தில் சைகோன் 2. அத்தையிடம் இரவு ரயில் பற்றிக் கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். இதில் ஏதாவது இடிக்கிறதா? மி சன்னில் எவ்வளவு நடக்க வேண்டும்?

பொன்மலை:

அத்தை சொன்னால் சரி, அக்கா சொன்னதும் நியாயம்தான். வரிசை நன்றாக இருக்கிறது. ஹா லாங் போகும்போது பெரிய பெட்டிகளை ஹனோய் ஓட்டலிலேயே வைத்துவிட்டு, திரும்பி அதே ஓட்டலுக்கு வாருங்கள். ஹுவேயில் அரண்மனை சமதளம், நிதானமாகப் பார்க்கலாம். காய் தின் மன்னர் சமாதிக்கு மட்டும் படிகள் அதிகம்.

மி சன்னில் வாசலிலிருந்து உள்ளே பேட்டரி வண்டி உண்டு. இறங்கியபின் கோயில் தொகுதிகளுக்கு நடுவே நடைதான், நடுநடுவே சில படிகள். பி, சி, டி தொகுதிகள் அருகருகே இருக்கின்றன. அத்தைக்கு அதுவே போதும். ஏ தொகுதியில் பெரிய கோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் இடிந்துவிட்டது. அந்தத் தொகுதியில் மிஞ்சியதைச் சீரமைத்தது நம் இந்தியத் தொல்லியல் துறை. 2020 மே மாதம் அந்த வேலையின்போதுதான் ஒரே கல்லில் செதுக்கிய 9-ஆம் நூற்றாண்டுச் சிவலிங்கம் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. இதை அத்தையிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

சுற்றுலா பஸ்ஸில் சேராதீர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் போய்க் குவிவார்கள். முந்தின நாளே தனி காருக்குச் சொல்லிவைத்து, ஹோய் ஆனில் ஐந்து, ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள். குடை, தண்ணீர், அத்தைக்கு ஊன்றுகோல்.