பானிஸ்டரும் அந்த 37 பேரும்

ஸ்பைக்ஸ்மணி:
ஊக்கப் பேச்சு வீடியோக்காரங்களுக்கு வேற கதையே கிடைக்காதா? "நாலு நிமிஷத்துக்குள்ள ஒரு மைல் ஓட முடியாதுன்னு உலகமே நம்புச்சு, இங்கிலாந்து ஓட்டக்காரர் பானிஸ்டர் மனத்தடையை உடைச்சார், அடுத்த ஒரே வருஷத்துல 37 பேர் ஓடிட்டாங்க." மனோபலமும் அதை அப்படியே இங்க ஒட்டியிருக்கார். ஐயா, 1954 மே 6-க்கு அப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள வந்த புது ஆள் ஒரே ஒருத்தர். ஆஸ்திரேலியாவோட ஜான் லாண்டி, ஜூன் 21, பின்லாந்துல துர்க்கு. மீதி 36 பேர் எங்க?

மனோபலம்:
லாண்டி ஒருத்தர் போதாதா? 4:02-லயே முட்டிக்கிட்டு நின்னவர், பானிஸ்டர் ஓடின 46-வது நாள் உள்ள வந்துட்டார். கால் அதேதான், மனசுதான் மாறுச்சு.

ஸ்பைக்ஸ்மணி:
தடமும் துணையும் மாறுச்சு. ஆஸ்திரேலியாவுல விரட்ட ஆளில்லாம தனியா ஓடினவருக்குத் துர்க்குல இங்கிலாந்து ஓட்டக்காரர் சாட்டவே முதுகுலயே ஒட்டிக்கிட்டு வந்தார். 1945-லயே ஸ்வீடன்காரர் ஹெக் 4:01.4 ஓடியாச்சு. உலகம் நம்பலைன்னா யார் அங்க வரைக்கும் போனது? அந்த 36 பேர்?

மனோபலம்:
1955-ல லண்டன்ல ஒரே பந்தயத்துல மூணு பேர் உடைச்சாங்களே, அது கணக்குல வராதா?

ஸ்பைக்ஸ்மணி:
டாபோரி, சாட்டவே, ஹ்யூசன். மே 28. வருஷம் முடிஞ்சு 22 நாள். சேர்த்துக்கிட்டாலும் 33 பாக்கி.

மனோபலம்:
சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. பானிஸ்டரோட பயிற்சி: 440 கஜம், அதாவது கால் மைல், பத்து தடவை, நடுவுல 2 நிமிஷம் ஓய்வு. 66 செகண்ட்ல ஆரம்பிச்சு 61-ல மாட்டிக்கிட்டார். ஸ்காட்லாந்துல மலை ஏறிட்டு வந்ததும் 59. ஓடாமலே 2 செகண்ட் எப்படி சார் குறைஞ்சது?

ஸ்பைக்ஸ்மணி:
சோர்வு வடிஞ்சுது. மாசக்கணக்கா ஏத்தின பயிற்சியோட பலன் ஓய்வு கொடுத்தாத்தான் வெளிய வரும். இன்னைக்கும் பெரிய போட்டிக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஓடுற தூரத்தைப் பாதியாக் குறைப்பாங்க, வேகத்துல கை வைக்க மாட்டாங்க. முயற்சி வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. முதல் மூணை வெறியில 58 அடிச்சுட்டு ஏழாவதுல 66-க்குச் சரியிறவனுக்கு வைராக்கியத்துல குறைச்சல் இல்ல, வேகக் கணக்குதான் தப்பு. அதை மறைக்க ஓய்வை 3 நிமிஷம் ஆக்குவான். அப்போ அது வேற பயிற்சி. மே 6 அன்னைக்கு பானிஸ்டர் ஓடினதும் கணக்குலதான்: முதல் சுத்து 57.5, பாதி 1:58.2, முக்கால் 3:00.7. கூட ஓடின பிராஷரும் சாட்டவேயும் முன்னாடி ஓடி வேகத்தை இழுத்துக் கொடுத்தாங்க.

வேகமுயல்:
இழுத்துக் கொடுத்தா தப்பா? 2019-ல வியன்னாவுல மாரத்தான் தூரத்தை ஓடின கென்யாக்காரர் கிப்சோகேவுக்கு 41 பேர் இழுத்தாங்களே.

ஸ்பைக்ஸ்மணி:
அந்த 1:59:40 உலக சாதனையாவே ஏறல. ஷூ திரியில இதையே மூணு பக்கம் சொன்னேன், அப்பவும் நீங்க படிக்கல.

வேகமுயல்:
படிச்சேன். திட்டுதான் இருந்துச்சு.

நாலாவதுலேன்:
எல்லாரும் ஒண்ணை விட்டுட்டீங்க. நாலு சுத்து 1600 மீட்டர்தான், மைல் 1609.344. கோட்டுக்கு 9.34 மீட்டர் பின்னாடி நின்னு கிளம்பணும்.

ஸ்பைக்ஸ்மணி:
பானிஸ்டர் ஓடின ஆக்ஸ்ஃபோர்டு இஃப்லி ரோடு தடம் 440 கஜம். நாலு சுத்து சரியா ஒரு மைல்.

மனோபலம்:
மனசுன்னா என்னன்னே தெரியாதவர் கஜம் அளக்குறார். 59-க்குப் பதில் இன்னும் வரல.

ஸ்பைக்ஸ்மணி:
வந்தாச்சு, மேல ஏறிப் பாருங்க. நீங்க 33 பேரைக் கூட்டிட்டு வாங்க.

நாலாவதுலேன்:
நான் இப்ப இருக்கிற 400 மீட்டர் தடத்தைச் சொன்னேன். எதுக்கு என் மேல பாயுறீங்க?