குட்டி யானையில் வாட்டர் வாஷ்: 1000 லிட்டர் டேங்க் ஏற்றலாமா?

நொய்யல்கரை:

வணக்கம் அண்ணன்மாரே. எனக்கு ஊர் திருப்பூர். பழைய குட்டி யானை (டாடா ஏஸ் மினி லாரி) ஒன்று வாங்கியிருக்கிறேன். அபார்ட்மெண்ட்களுக்கு நேரில் போய் கார், பைக் கழுவிக் கொடுப்பதுதான் திட்டம். கை பழகிய பிறகு சோலார் பேனல் வேலையும் எடுக்கலாம் என்றிருக்கிறேன். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் மிஷின் பார்த்து வைத்தாயிற்று. பெட்ரோல் எஞ்சின், 150 பார் அழுத்தம், நிமிடத்துக்கு 15 லிட்டர்.

டேங்கில்தான் குழப்பம். சாயப்பட்டறைகளிலிருந்து கழித்துப் போடும் கம்பிக்கூண்டு போட்ட வெள்ளை 1000 லிட்டர் டேங்க் இங்கே சல்லிசாகக் கிடைக்கிறது. காலையில் ஒரு தடவை நிரப்பினால் நாள் முழுக்க ஓடும் என்று கணக்குப் போட்டேன். வீட்டு மொட்டை மாடியிலிருந்து இறக்கிய 500 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றும் சும்மா கிடக்கிறது. எதை ஏற்றலாம்? கடன் வாங்கிப் போடுகிற முதல், தப்பாகிவிட்டால் இன்னொரு தடவை மாற்ற என்னிடம் பணம் இல்லை.

பட்டறைக்காரன்:

சின்டெக்ஸ் வேண்டாம் தம்பி. அது ஒரே இடத்தில் சமதளத்தில் நிற்பதற்காகச் செய்தது. வண்டித் தகட்டில் உட்கார்ந்து தினம் குலுங்கினால் அடியில் நிப்பிள் (ஓஸ் இணைக்கும் முனை) மாட்டிய இடத்தில்தான் முதலில் விரிசல் விடும். என் வெல்டிங் பட்டறைக்கே அப்படி இரண்டு வண்டிகள் வந்தன. சூடு காட்டி ஒட்டிக் கொடுத்தேன், இரண்டும் திரும்பி வந்தன. 1000 லிட்டர் பற்றி, அதை ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.

துடியலூரான்:

தம்பி, நான் ஓட்டிப் பார்த்தவன். நீங்கள் சொல்லும் அதே வெள்ளை டேங்க், அதே வண்டி. இரண்டு மாதம்கூட வைத்திருக்கவில்லை.

ஒரு நாள் மதியம் மேட்டுப்பாளையம் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். காலையில் ஆறு கார் முடிந்து டேங்கில் பாதித் தண்ணீர். வேகம் 40-ஐத் தாண்டவில்லை. முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. பிரேக் மிதித்தேன், வண்டியும் நின்றது. மூச்சு விடுவதற்குள் பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல ஒரு தள்ளு. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு வண்டியும் இல்லை. டேங்குக்குள் இருந்த அரை டன் தண்ணீர் ஓடி வந்து முன்சுவரில் மோதியிருக்கிறது. மூடி வழியாகத் தெறித்த தண்ணீர் கேபின் பின்கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்குப் பத்தொன்பது வயது. அவன் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

நிறைகுடம் தளும்பாது என்பது வண்டிக்கும் அப்படியே பொருந்தும். நிரம்பிய டேங்க் கனம்தான், ஆனால் உள்ளே தண்ணீருக்கு ஓட இடமில்லை. காலி டேங்கால் தொந்தரவே இல்லை. பாதி டேங்க்தான் ஆளைச் சாய்க்கும். நம் தொழிலில் முக்கால்வாசி நேரம் பாதி டேங்கோடுதான் ரோட்டில் இருப்போம்.

அப்புறம் எடை. லிட்டருக்கு ஒரு கிலோ. அந்த டேங்க் வெறுமனே 60 கிலோ சொச்சம் வரும். ஆக 1060. உங்கள் ஆர்.சி.யை எடுத்து மொத்த எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழித்துப் பாருங்கள். என் வண்டிக்கு 700 கிலோதான் வந்தது. அதில் நானும் பையனும் 135. மிஷின் 55, ஓஸும் ரீலும் 20, டேங்கைப் பிடிக்கும் இரும்பு ஆங்கிள் ஃபிரேம் 40, ஷாம்பு கேன், வாக்குவம், பெட்ரோல் எல்லாம் 30. மிச்சம் 420. இப்போது நான் வைத்திருக்கும் இரண்டு டிரம்மின் சொந்த எடை 20-ஐயும் தள்ளினால் 400 லிட்டர். அதற்கு மேல் ஏற்றினால் பிரேக்கும் ஸ்பிரிங் பட்டையும் தாங்காது. பிடித்தால் 2019 திருத்தப்படி அபராதமே 20,000 ரூபாயில்தான் ஆரம்பிக்கிறது.

400 போதுமா என்று பயப்பட வேண்டாம். ஒரு கார் கழுவ ஒரு மணி நேரம் ஆனாலும் தண்ணீர் பீய்ச்சும் கன்னை அழுத்திப் பிடிக்கும் நேரம் என்ன என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். எனக்கு முதல் நனைப்பு 2 நிமிடம், நுரை போட்ட பிறகு 3 நிமிடம். 15 லிட்டர் வீதம் 75 லிட்டர். ஐந்து கார் ஓடிவிடும். இடையில் அபார்ட்மெண்ட் குழாயிலிருந்து ஒரு ஓஸ் போட்டுவிட்டால் டேங்க் தானாக நிரம்பிக்கொண்டே இருக்கும். 20 லிட்டர் பக்கெட் ஒரு நிமிடத்தில் நிரம்பும் குழாய் கிடைத்தாலே நீங்கள் செலவழிப்பதைவிட வரத்து அதிகம். தண்ணீர் தருவார்களா என்பதைத்தான் அசோசியேஷனில் முன்கூட்டியே பேச வேண்டும்.

இப்போது என் வண்டியில் இருப்பது இரண்டு நீல டிரம், தலா 200 லிட்டர். செங்குத்தாக நிறுத்திவைத்து, கேபினை ஒட்டி ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் திறந்து மூடத் தனி வால்வு. பின் டிரம்மை முதலில் தீர்த்துவிட்டுத்தான் முன் டிரம்மைத் திறப்பேன். அதனால் எப்போதும் ஒரே ஒரு டிரம்தான் குறையாக இருக்கும், அதுவும் குறுகலானது என்பதால் தண்ணீருக்கு ஓடி வேகம் பிடிக்க இடம் கிடையாது. கனமும் கேபின் பக்கமே நிற்கும். பின் ஆக்ஸிலைத் தாண்டிக் கனம் போனால் ஸ்டியரிங் இலேசாகிவிடும், அதை மட்டும் செய்யாதீர்கள்.

பழைய டேங்க், டிரம் எதுவானாலும் உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள். திருப்பூரில் இது ரொம்ப முக்கியம். எனக்கு வந்ததில் துணிக்குப் போடும் சிலிகான் சாஃப்ட்னர் இருந்திருக்கிறது. எத்தனை தடவை கழுவியும் கார் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் விட்டது, வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி கழுவிக் கொடுத்தேன். வெள்ளை டேங்கில் இன்னொன்று, வெயில் உள்ளே இறங்கிப் பாசி பிடிக்கும். பச்சைச் சளி மாதிரி வந்து ஃபில்டரை அடைக்கும்.

பல்லடம் சோலார்:

துடியலூர் அண்ணன் சொன்னதோடு ஒன்று. பேனல் கழுவப் போவதாக இருந்தால் மூன்றாவதாக ஒரு 50 லிட்டர் கேன் தனியாக வையுங்கள், ஆர்.ஓ. தண்ணீருக்கு மட்டும். எடைக் கணக்கு தாண்டாமல் இருக்க டிரம்மில் அந்த 50 லிட்டரைக் குறைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவிக் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும், கழுவாமலே விட்டிருக்கலாம் என்று தோன்றும். கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணீரில் இருக்க வேண்டும். கறுப்புக் காருக்கும் இதேதான். பேனலுக்கு 150 பார் கன்னைக் காட்டவே காட்டாதீர்கள், மெல்லிய பிரஷும் சாதாரண ஓஸும் போதும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றி அண்ணா. இன்றைக்கு ஆர்.சி. எடுத்துப் பார்த்தேன், எனக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான் வருகிறது. சித்தப்பா பழச்சாறு கம்பெனியில் இருக்கிறார், மாம்பழக் கூழ் வந்த டிரம் இரண்டு தருவதாகச் சொல்கிறார். இரண்டு சந்தேகம். டிரம்மிலிருந்து மிஷினுக்கு வீட்டுத் தோட்டத்து ஓஸ் போதுமா? டிரம்மைக் கட்ட பெல்ட் போதுமா, ஆங்கிள் வேண்டுமா?

துடியலூரான்:

கூழ் டிரம் என்றால் அருமை. சோடா உப்பும் வெந்நீரும் போட்டு இரண்டு தடவை அலசினால் போதும். ஆனால் வாய் அகலமா, குறுகலா என்று பாருங்கள். கை நுழையும் அகலம் இருந்தால்தான் உள்ளேயிருந்து நிப்பிளை முறுக்க முடியும். நிப்பிளை அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே போடுங்கள், வண்டல் கீழேயே தங்கிவிடும்.

தோட்டத்து ஓஸ் ஆகாது. மிஷின் இழுக்கும்போது உள்வாங்கித் தட்டையாகிவிடும், பம்ப் காற்றை இழுத்துக் கடகடவென்று சத்தம் போடும், சீல் போய்விடும். உள்ளே கம்பிச்சுருள் போட்ட ஒரு இஞ்ச் ஓஸ் வாங்குங்கள். நடுவில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த ஃபில்டர். நிப்பிள், வால்வு எதிலும் ஒரு இஞ்சைக் குறைக்காதீர்கள். மிஷினை டிரம் அடியைவிடத் தாழ்வாக வைக்க முடிந்தால் தண்ணீர் தானாக இறங்கும். கன்னை விட்டதும் தண்ணீர் திரும்பி வரும் பைபாஸ் லைனை டிரம்முக்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் கன்னை விட்டுவிட்டு நுரை தேய்க்கிற நேரத்தில் பம்புக்குள் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிக் கொதித்துவிடும். மூடியில் ஒரு துளை போட்டுக் கொசுவலை ஒட்டுங்கள். துளை இல்லாமல் இழுத்தால் டிரம் நசுங்கும்.

கட்டுவதற்கு ஆங்கிள் ஃபிரேமே போடுங்கள், வண்டி சேஸிஸோடு போல்ட் போட்டு. அதற்கு மேல் ராட்செட் பெல்ட் ஒரு சுற்று. அடியில் ரப்பர் ஷீட் விரியுங்கள். வெல்டிங் முடிந்ததும் ஆங்கிளின் உள்விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். என் முதல் ஃபிரேமில் அரிசி அளவுக்கு ஒரு வெல்டிங் பொட்டு நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றே வாரத்தில் டிரம்மை அறுத்துவிட்டது, காந்திபுரம் வரும்போது வண்டியிலிருந்து தண்ணீர் கோடு போட்டுக்கொண்டே வந்தது. கிரைண்டர் வைத்துத் தேய்த்துவிட்டு, விளிம்பில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றிவிடுங்கள்.